டம்ளரும் ‘தம்மா’, சொம்பும் ‘தம்மா’: குழந்தைக்கு வித்தியாசம் எப்போது தெரியும்?

மாடிவீட்டுக்காரி (வேளச்சேரி)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 20 மாதம். பேச்சு வந்துவிட்டது, அதில் கவலை இல்லை. ஆனால் வருகிற சொற்களை வைத்து எங்கள் வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. டம்ளரை ‘தம்மா’ என்பாள். சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சொம்பும் தம்மா, டபராவும் தம்மா, குளியலறை மக்கும் தம்மா, அவள் அப்பா பேனா போட்டு வைக்கிற டப்பாவும் தம்மா. அரிசி அளக்கிற படியைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் கவிழ்த்து, மேலே இரண்டு தட்டு தட்டி, அதற்கும் தம்மா. இன்னொரு பக்கம் ‘சாவி’ என்றால் அப்பாவின் பைக் சாவி ஒன்றுதான். வீட்டுச் சாவியைக் காட்டி இது என்ன என்றால் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மாமியார், ஒவ்வொரு தடவையும் திருத்து, இல்லாவிட்டால் தப்பாகவே பதிந்துவிடும் என்கிறார். கணவர் படம் போட்ட கார்டு செட் ஒன்றை ஆர்டர் செய்யப் போகிறேன் என்கிறார். எதிர்வீட்டு அக்கா எல்லாம் தானாக வரும், விடு என்கிறார். போதாக்குறைக்கு மாமியார் குழந்தையிடம் தெலுங்கில் பேசுவார், நான் தமிழ். இரண்டும் கலந்ததால்தான் இந்தக் குழப்பமா? ஒரு பொருளுக்கு இதுதான் பெயர், அதுவும் இதுவரைக்கும்தான் என்று இவ்வளவு சின்ன பிள்ளைக்கு எப்படித்தான் பிடிபடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மாணவன் (அடையாறு)

மொழியியல் படித்து, வேறு வேலைக்குப் போய்விட்ட ஆள் நான். இந்தத் தலைப்பு மட்டும் இன்னும் விடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாயில் தம்மா என்று வருவதை வைத்து அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த வயதில் புரிதல் பேச்சைவிட நன்றாக முன்னால் போய்க்கொண்டிருக்கும். எலிகா பெர்கல்சன், டேனியல் ஸ்விங்லி இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளே, அதாவது ஒரு சொல்கூடப் பேசாத கைக்குழந்தைகளே, சாப்பாட்டுப் பொருள், உடல் உறுப்பு இவற்றின் பெயரைக் கேட்டதும் சரியான படத்தின் பக்கம் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டாள். அவள் கையில் இருக்கிற சொற்கள் கொஞ்சம், வீட்டில் இருக்கிற சாமான்கள் நிறைய. சொம்பைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் இருப்பதில் கிட்டத்தில் இருக்கிற சொல்லை எடுத்துப் போடுகிறாள், அவ்வளவுதான். ஆட்டையும் மாட்டையும் நாய் என்று சொல்கிற பிள்ளையிடம் படங்களைப் பரப்பி வைத்து நாய் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் நாயைத்தான் காட்டும். எல்லாச் சொல்லிலும் இப்படி இல்லை, சிலவற்றில் நிஜமாகவே எல்லை அகலமாக இருக்கும். எது எப்படி என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கேட்டுப் பார்ப்பது சுலபம். டம்ளர், டபரா, சொம்பு மூன்றையும் தரையில் வையுங்கள். “டபரா எங்கே? டபராவை எடுத்து அம்மாகிட்ட கொடு” என்று கேளுங்கள். கையால் காட்டக் கூடாது, கண்ணாலும் காட்டக் கூடாது. இந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. டேர் பால்ட்வின் 1990களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், குழந்தை ஒரு பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது பெரியவர் வேறொரு வாளிக்குள் பார்த்துக்கொண்டு ஒரு புதுப் பெயரைச் சொல்வார். ஒன்றரை வயதுப் பிள்ளைகள் நிமிர்ந்து, அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்து, பெயரை அந்த வாளிக்குள் இருக்கும் சாமானுக்குத்தான் கொடுத்தார்கள், தங்கள் கையில் இருந்ததற்குக் கொடுக்கவில்லை. இந்த வயதில் நம் கண்ணை அவ்வளவு நன்றாகப் படிப்பார்கள்.

சரி, ஏன் சொம்பு தம்மா ஆனது, ஏன் தட்டு ஆகவில்லை? உருவம். பார்பரா லேண்டாவ், லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் மூவரும் 1988இல், மரத்தில் செய்த பெயரில்லாத ஒரு விநோதச் சாமானைக் காட்டி, அதற்கு ஒரு கற்பனைப் பெயரும் சொல்லி, இதே பெயர் வேறு எதற்குப் பொருந்தும் என்று கேட்டார்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் அளவு மாறினாலும், மரத்துக்குப் பதில் வேறு பொருளில் செய்திருந்தாலும், உருவம் ஒன்றாக இருந்தால் அதே பெயர் என்றார்கள். இதை நம் சமையலறையோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். எல்லாமே எவர்சில்வர், எல்லாமே பளபள, எல்லாமே உருண்டை, மேலே திறந்த வாய். உருவத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்கிற ஒருவருக்கு டம்ளரும் டபராவும் சொம்பும் படியும் அக்கா தங்கை மாதிரிதான் தெரியும். அவள் தட்டையோ கரண்டியையோ தம்மா என்று சொல்வதாக நீங்கள் எழுதவில்லை, கவனித்தீர்களா? அவள் ஒழுங்காக ஒரு விதியைப் பின்பற்றுகிறாள். அந்த விதி நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு இன்னும் கொஞ்சம் நுணுக்கமாக வேண்டும்.

மாவு, தயிர், சட்னி போன்றவற்றுக்கு இந்த உருவ விதி செல்லாது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. மாவு குண்டானில் இருந்தாலும் மாவு, கரண்டியில் இருந்தாலும் மாவு. நான்சி சோஜா, சூசன் கேரி, எலிசபெத் ஸ்பெல்கி 1991இல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பார்த்ததும் இதுதான்: கெட்டியான பொருளென்றால் உருவத்தைப் பிடிப்பார்கள், குழகுழ என்று இருந்தால் அது எதனால் ஆனது என்பதைப் பிடிப்பார்கள். அயோவாவில் 16 மாதக் குழந்தைகளிடம் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உயர நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டை அளைந்து பூசிக்கொண்ட பிள்ளைகள், அந்தக் குழகுழ பொருள்களின் பெயரை நன்றாகக் கற்றார்கள். தயிர்சாதத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டால் திட்டாதீர்கள், பாடம் நடக்கிறது.

திருவல்லிக்கேணிப் பாட்டி

கண்ணு, தம்பி எழுதியதையெல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. நான் பிள்ளை வளர்த்து, பேரப்பிள்ளையும் வளர்த்தவள். உன் மாமியார் சொல்வதும் தப்பில்லை, நீ செய்வதும் தப்பில்லை. ஆனால் “தம்மா இல்லைடி, சொம்பு, சொம்பு சொல்லு, எங்கே சொல்லு” என்று வழிமறித்து நிற்காதே. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். காரியத்தில் சொல். “சொம்பிலே தண்ணி எடுத்துக்கலாமா, பாரு சொம்புக்குக் கழுத்து சின்னது, டம்ளருக்கு அது இல்லே.” காலையில் காபி ஆற்றும்போது பக்கத்தில் உட்கார வை, சூடு படாத தூரத்தில். டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு என்று நாலு தடவை நுரை பொங்க ஆற்றினால் எது எது என்று தானே தெரிந்துபோகும். பழைய டபரா ஒன்றை அவளிடமே விளையாடக் கொடுத்துவிடு. எங்கள் வீட்டில் மூத்தவன் ஊற்றி ஊற்றியே எல்லாப் பாத்திரமும் கற்றுக்கொண்டான், கூடவே கூடத்தையும் நனைத்தான்.

சாவி கதைக்குச் சிரித்தேன். அப்பா வண்டியெடுத்தால் வெளியே போகலாம், அதுதான் சாவி. வீட்டுச் சாவியால் அவளுக்கு என்ன பிரயோஜனம்?

பழைய மாணவன் (அடையாறு)

பாட்டி, ‘கழுத்து சின்னது’ என்று நீங்கள் சொன்னதைத்தான் 1986இல் கரோலின் மெர்விஸும் உடன் வேலை செய்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளை தப்பான பெயர் சொல்லும்போது அப்படியே ஒத்துக்கொள்வது, சரியான பெயரை மட்டும் சொல்வது, சரியான பெயரோடு அந்தப் பொருளின் அடையாளத்தையோ பயனையோ செய்து காட்டிச் சொல்வது, இந்த மூன்றில் கடைசிதான் நன்றாக வேலை செய்தது. பெயரை மட்டும் திருத்தினால் எதனால் இது வேறு என்று அவளுக்குத் தெரியாது. சொம்பின் கழுத்தில் அவள் விரலை வைத்து ஓட்டிக் காட்டினால் தெரியும்.

பெரம்பூர் அப்பா

எல்லோரும் கஷ்டமான வழியையே சொல்கிறீர்கள். என் பையன் போன் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டான். இரண்டு வயதில் ஒட்டகச்சிவிங்கி என்று தெளிவாகச் சொன்னான், எங்கள் தெருவில் ஒட்டகச்சிவிங்கி எங்கே இருக்கிறது? வேலைக்குப் போகிற வீட்டில் உட்கார்ந்து காபி ஆற்றிக் காட்ட யாருக்கு நேரம்? கார்டு வாங்குவதும் நல்ல யோசனைதான், உங்கள் கணவர் சொல்வது சரி.

அம்பத்தூர் டேட்டா

பெரம்பூர் பிரதர், போன் ஓடும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. ஜூடி டிலோச் குழு 2010இல் 12 முதல் 18 மாதக் குழந்தைகளை வைத்துச் சொல் கற்றுத்தரும் வீடியோவைச் சோதித்தது. சில வாரம் வீட்டில் பார்க்க விட்டார்கள். வீடியோ மட்டும் பார்த்தவர்கள், எதுவுமே பார்க்காதவர்களைவிட மேலாகக் கற்கவில்லை. வீடியோ இல்லாமல் பெற்றோர் அன்றாட வேலைக்கிடையே அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த வீடுகளில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். பெட்ரிஷியா குல் 2003இல் சொற்களை விட்டு வெறும் ஒலிகளைப் பார்த்தார்: அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் பேசிக் காட்டியபோது அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதே ஆட்கள் டிவியில் பேசியபோது பிடிக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது டேட்டாவில், அதனால் எனக்குப் பிடித்தது டெப் ராயின் வேலை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருக்கும் அவர், மகன் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை வீட்டில் 11 கேமரா, 14 மைக் வைத்துப் பதிவு செய்தார். 2015இல் வந்த கட்டுரையில், ஒரு சொல் எத்தனை தடவை காதில் விழுந்தது என்பதைவிட, அது எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பேச்சின் நடுவே வந்தது என்பதில் எவ்வளவு தனித்து நிற்கிறதோ, அந்த அளவுக்குப் பையன் அதைச் சீக்கிரம் பேசினான் என்று காட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு குழந்தைதான், அதை மறக்கக் கூடாது. ஆனால் பாட்டியின் டபராவை இதில் வைத்துப் பாருங்கள். டபரா என்ற சொல் எங்கள் வீட்டில் காலையில், அடுப்புக்குப் பக்கத்தில், காபி வாசனையோடு மட்டும்தான் வரும். கார்டில் டபராவும் ஒட்டகச்சிவிங்கியும் ஒரே அளவு, ஒரே சோபா, ஒரே குரல்.

பெரம்பூர் அப்பா

என் மனைவி கூடவே உட்கார்ந்து, இதோ பாரு கழுத்து எவ்வளவு நீளம், இலை சாப்பிடுது பாரு என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதைக் கணக்கில் எடுத்தால் நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் கார்டே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒலிச்சாளரம் (பேச்சுப் பயிற்சியாளர்)

கார்டு ஒன்றும் விஷம் இல்லை சார், பிள்ளையை மடியில் வைத்து நாலு படம் பார்ப்பது நல்லதுதான். அதைத் தேர்வு மாதிரி நடத்தும்போதுதான் வம்பு. “இது என்ன? இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிற வீடுகளை நான் நிறைய பார்க்கிறேன், சொல்லிக்கொடுப்பதைவிடக் கேள்வி அதிகமாக இருக்கும். இந்தியானா பல்கலைக்கழகத்தில் லிண்டா ஸ்மித், சென் யூ குழு பிள்ளைகளின் தலையில் குட்டிக் கேமரா கட்டி, அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்தது. பொருள் பிள்ளையின் கையில், பார்வையில் மற்றதையெல்லாம் மறைத்துக்கொண்டு பெரிதாகத் தெரியும்போது பெயர் சொன்னால் அது ஒட்டிக்கொண்டது. நீங்கள் காட்ட நினைப்பதற்கு அவளை இழுப்பதைவிட, அவள் ஏற்கெனவே பிடித்திருப்பதற்குப் பெயர் சொல்வது லாபம். போன் விஷயத்தில் இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ கால் பேசுவது தவிர.

மாடிவீட்டம்மா, தெலுங்கு பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது, தயவுசெய்து மாமியாரை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைன், ஜேனட் வெர்கர் 2009இல் ஒன்றரை வயதுப் பிள்ளைகளிடம் தெரிந்த பொருள் ஒன்று, தெரியாத பொருள் ஒன்று வைத்து, கேள்விப்படாத பெயரைச் சொன்னார்கள். ஒரு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் உடனே தெரியாத பொருளைப் பார்த்தார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகளிடம் அந்தப் போக்கு குறைவு, மூன்று மொழிப் பிள்ளைகளிடம் இல்லை. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது அவர்கள் வீட்டில் சகஜம், அதற்கேற்ற மாதிரி கற்கிறார்கள். அவள் பேசும் சொற்களை எண்ணும்போது தமிழ், தெலுங்கு இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். தம்மாவும் ஒரு சொல்தான், எண்ணிக்கொள்ளுங்கள்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது படிக்கலாம். ஒன்றரை வயதுக்கு மேல் ஆகியும் சொல்லே வரவில்லை, விரலால் காட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு வயது முடிந்தும் 50 சொற்கள்கூட இல்லை அல்லது ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்ப்பதில்லை, எந்த வயதிலும் பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோகின்றன என்றால் காத்திருக்க வேண்டாம். முதல் வேலை காது சோதனை. அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்தாலே சொற்கள் மங்கலாகத்தான் கேட்கும். செலவு பற்றிப் பயம் இருந்தால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசின் தேசிய நிறுவனத்தில் (NIEPMD) சின்ன பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

மாடிவீட்டுக்காரி (வேளச்சேரி)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. மூன்று பாத்திரச் சோதனை செய்தோம். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு டபரா எங்கே என்றேன், நேராகப் போய் டபராவை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ‘தம்மா’ என்றாள்! சொம்பும் சரியாக எடுத்தாள். படியையும் சேர்த்து வைத்துக் கேட்டபோது அதை மட்டும் கண்டுகொள்ளவில்லை, அதன் பெயரை நாங்கள் அவள் முன்னால் சொன்னதாகவே நினைவில்லை. பிறகு மக்கைச் சேர்த்து வைத்து மக் எங்கே என்றால் ஒவ்வொரு தடவையும் ஒன்றை எடுக்கிறாள், ஒரு தடவை டம்ளர், ஒரு தடவை சொம்பு. தினமும் குளிக்கும்போது கையில் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறாள், இது மட்டும் ஏன்?

பழைய மாணவன் (அடையாறு)

அருமை. டபரா, சொம்பு இரண்டும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன, வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை. இந்த எல்லைகளெல்லாம் சீக்கிரம் முடிகிற வேலையும் இல்லை. பெல்ஜியத்தில் 2008இல் செய்த ஆய்வில், பாட்டில், கிண்ணம், குவளை வகையறாக்களுக்குப் பிள்ளைகள் வைக்கும் பெயர் 14 வயது வரைக்கும் மெல்ல மெல்லப் பெரியவர்கள் வைக்கும் பெயரோடு நெருங்கிக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் மட்டும் ஒழுங்கா என்ன? வில்லியம் லபோவ் 1973இல் வெவ்வேறு அகலத்தில் பாத்திரப் படங்களைக் காட்டி, உள்ளே காபி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னால் கப் என்றவர்கள், அதே படத்தில் மசித்த உருளைக்கிழங்கு என்றதும் கிண்ணம் என்றார்கள்.

மக்குக்கு வருகிறேன். அவளைக் குளிப்பாட்டுவது யார்?

மாடிவீட்டுக்காரி (வேளச்சேரி)

மாமியார்தான். எனக்குக் காலையில் ஆபீஸ் பஸ். அட, அவர் அதை மக் என்றே சொல்வதில்லை! பிளாஸ்டிக் மக்கையும் தெலுங்கில் ‘செம்பு’ என்றுதான் சொல்வார்.

திருவல்லிக்கேணிப் பாட்டி

பிறகென்ன கண்ணு, குளிப்பாட்டுகிறவள் வைத்ததுதான் பெயர். ஆனால் சமையலறைச் சொம்பையும் உன் மாமியார் அப்படித்தானே சொல்வார், பிள்ளை பாவம் என்ன செய்யும்?

ஒலிச்சாளரம் (பேச்சுப் பயிற்சியாளர்)

பாட்டி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அம்மா, சோதனையைக் குளியலறையில் வையுங்கள், கேட்பது மாமியாராக இருக்கட்டும். மக்கையும் சோப்பு டப்பாவையும் ஒரு டம்ளரையும் வைத்து அவர் தெலுங்கில் “செம்பு ஏதி?” என்று கேட்கட்டும், நீங்கள் வாசலுக்கு வெளியே நின்றுகொள்ளுங்கள். என்ன எடுத்தாள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.